மகளின் தெரபி அறைக்கு வெளியே பெற்றோர்: நாம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்காமல் விடலாம்? (டர்பன்)

வெஸ்ட்வில் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் இருந்து கணவர் வேலைக்காக டர்பன் வந்த குடும்பம் எங்களுடையது. மகளுக்குப் பதினைந்து வயது, கிரேடு 10. இந்த வருடம் தொடங்கியதில் இருந்தே பிள்ளை ஆளே மாறிவிட்டாள். பள்ளியில் இருந்து வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டாள். சோற்றைத் தட்டில் அளைந்துவிட்டு அப்படியே எழுந்துபோகிறாள். என்னம்மா என்று கேட்டால் அழுகை, இல்லாவிட்டால் சண்டை.

பள்ளிக் கவுன்சிலர் சொல்லி ஒரு சைக்காலஜிஸ்டிடம் கூட்டிப் போனோம். முதல் நாள் மூன்று பேரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினார். அப்புறம் எங்கள் இருவரிடமும் தனியாக, அவள் பிறந்ததில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அடுத்த முறையில் இருந்து மகள் மட்டும் உள்ளே, நான் வெளியே. "அவள் என்னிடம் பேசுவதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன், ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சொல்வேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

என் கணவருக்கு மனம் ஒப்பவில்லை. "பிள்ளை நம்முடையது, அவள் மனசில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டாமா" என்கிறார். எனக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பது பெரிய பாரமாக இருக்கிறது. இங்கே இதுதான் வழக்கமா? சட்டம் என்ன சொல்கிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பீனிக்ஸ் கவுன்சிலர் எழுதியது:

அக்கா, வணக்கம். பீனிக்ஸ் பக்கம் பள்ளிகளில் கவுன்சிலராக வேலை செய்கிறேன். அந்த சைக்காலஜிஸ்ட் செய்தது முறையானதுதான். முதல் நாளே வரம்பைச் சொல்லிவிட்டுத் தொடங்கியது நல்ல அடையாளம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், 129ஆம் பிரிவு: 12 வயதைத் தாண்டிய பிள்ளைக்குச் சிகிச்சையின் நன்மை தீமை புரியும் முதிர்ச்சி இருந்தால், தன் மருத்துவச் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, தன் உடல்நிலை பற்றிய விவரம் இரகசியமாக இருக்கும் உரிமையைப் பிள்ளைக்கும் தருகிறது. அந்த இரகசியம் பிள்ளையின் நலனையே கெடுக்கும் என்றால் மட்டும் விலக்கு உண்டு. 110ஆம் பிரிவு இன்னும் கண்டிப்பானது: பிள்ளை அடி உதைக்கோ பாலியல் கொடுமைக்கோ ஆளாகிறது என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால், சைக்காலஜிஸ்ட், ஆசிரியர், சமூகப் பணியாளர் போன்றவர்கள் அதை உரிய இடத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். பிள்ளை தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருந்தாலும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். ஆகவே நீங்கள் பயப்படுகிற பெரிய விஷயம் எதுவும் அந்த அறைக்குள் புதைந்து போகாது.

அவர் உங்களை ஒதுக்கவும் இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரம்கூட முழுதாக அவரிடம் இல்லை, மீதி நேரமெல்லாம் பிள்ளை உங்களோடுதான். அதனால் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்: எந்தப் பிரச்சினையை முதலில் எடுத்திருக்கிறீர்கள்? எந்த முறையில் போகிறீர்கள்? வீட்டில் நாங்கள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்? எந்த அறிகுறி தெரிந்தால் உடனே உங்களை அழைக்க வேண்டும்? இவற்றுக்குப் பதில் சொல்வது அவர் கடமை. "நேற்று அவள் என்ன சொன்னாள்" என்பதற்கு மட்டும் பதில் வராது.

உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு ஒரு மாதிரி சொல்கிறேன். இது எந்த ஒரு பிள்ளையின் கதையும் இல்லை, பல பிள்ளைகளிடம் பார்ப்பது. வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு செய்தி போடுகிறாள். எல்லோரும் பார்த்ததாக நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் வரவில்லை. "என்னை யாருக்கும் பிடிக்கவில்லை" என்று மனம் சொல்கிறது. வயிறு இறுகுகிறது, இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இடைவேளையில் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். "இவள் நம்மோடு சேரமாட்டேன் என்கிறாள்" என்று தோழிகள் நினைக்கிறார்கள், உண்மையிலேயே விலகுகிறார்கள். அவள் எதற்குப் பயந்தாளோ அதுவே நடந்துவிடுகிறது.

சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் தெரபி) முறையில் வேலை செய்பவர் இதை ஒரு தாளில் நாலு கட்டமாகப் பிரித்து எழுதச் சொல்வார்: நடந்தது, நினைத்தது, உடம்பில் தெரிந்தது, செய்தது. "யாருக்கும் பிடிக்கவில்லை" என்பதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று பிள்ளையே எழுத வேண்டும். போன வாரம் ஒருத்தி மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டது அப்போதுதான் நினைவுக்கு வரும். அப்புறம் ஒரு சின்னச் சோதனை: நாளை இடைவேளையில் ஒரே ஒருத்தியிடம் போய்க் கணக்கு வீட்டுப்பாடம் பற்றிக் கேட்டுப் பார்க்கலாமா? என்ன ஆனது என்று அடுத்த வாரம் இருவரும் பார்ப்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் தொடங்கிய முறை இது. மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

அந்தத் தாளை, அம்மா பக்கத்தில் இருக்கும்போது ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை உண்மையாக நிரப்புமா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊர்ப் பிள்ளைகளின் மனசில் 2021 ஜூலை கலவரம் இருக்கிறது, 2022 ஏப்ரல் வெள்ளம் இருக்கிறது. அந்த வெள்ளத்தில் நம் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது உயர்நிலைப் பள்ளியில். பலமாக மழை பெய்தால் தூங்காத பிள்ளைகளை நான் இன்றும் பார்க்கிறேன். அதை வீட்டில் சொல்ல மாட்டார்கள், அம்மா அப்பா ஏற்கெனவே கவலையில் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

---

சாட்ஸ்வொர்த் தாத்தா எழுதியது:

மகளே, கவுன்சிலர் பிள்ளை நன்றாக விளக்கியிருக்கிறாள். ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது.

நான் மேகசின் பாரக்ஸ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவன். என் அப்பா டர்பன் மாநகராட்சிக் கூலி. ஒரே வரிசையில் ஆயா (பாட்டி), பெரியம்மா, அத்தை வீடுகள். அப்பா கையை ஓங்கினால் ஆயா வீட்டுக்கு ஓடிவிடுவேன். ஆயா ஒரு கிண்ணம் சோறு போடுவாள், நான் சொல்வதைக் கேட்பாள், அப்பாவிடம் எதையும் சொல்ல மாட்டாள். 1960களில் குரூப் ஏரியாஸ் சட்டத்தை, அதாவது இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த சட்டத்தைக் காட்டி எங்களை சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். ஆயா ஒரு யூனிட்டில் (குடியிருப்புப் பகுதியில்), நாங்கள் ஒரு யூனிட்டில், அத்தை வேறொரு யூனிட்டில். பஸ் பிடித்துப் போய்த்தான் பார்க்க வேண்டும். அழுகை வந்த நேரத்தில் பஸ்ஸுக்குக் காசு யாரிடம் இருக்கும்?

பிறகு ஒரு காலம் வந்தது, சுகர்ஸ் என்ற போதைப்பொருள் எங்கள் தெருக்களுக்குள் புகுந்தது. பிள்ளைகள் வீட்டுக் குழாயைக்கூடக் கழற்றி விற்றார்கள். மானம் போய்விடும் என்று பெற்றோர் மூடி மறைத்தார்கள். அவர்களில் எத்தனையோ பிள்ளைகள் அதற்கு முன்னால் வருடக்கணக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள். அதனால் பிள்ளை பேச வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

என் கேள்வி வேறு. முன்பின் தெரியாத ஒருவரிடம் மனசைக் கொட்டிப் பழகிய பிள்ளை, நாளை வீட்டில் பேசுமா? இங்கே இருக்கிற சொந்தமே கொஞ்சம். அதையும் விட்டுவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறேன்.

---

ஹோவர்ட் காலேஜ் மாணவி எழுதியது:

தாத்தா, நான் தெரபிக்குப் போனவள். அதனால் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எனக்கு அப்போது பதினாறு வயது.

கிரேடு 9 முடிவில் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும் இல்லையா? அப்பா கணக்கு, பிசிக்கல் சயன்ஸ், லைஃப் சயன்ஸ் என்று முடிவு செய்துவிட்டார். டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு வரைகலையும் கட்டடமும்தான் பிடிக்கும். அதை வாய் திறந்து சொல்ல முடியவில்லை. அப்பா இந்த ஊருக்கு வந்து பட்ட பாடெல்லாம் எனக்குத் தெரியும், "வேண்டாம்" என்று சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று பயம். கிரேடு 10 முழுக்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தலைவலி, வாந்தி. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். அப்புறம்தான் தெரபி.

முதல் சில முறை நான் பேசவே இல்லை. தெரபிஸ்ட் வற்புறுத்தவும் இல்லை. மேஜை மேல் தாளும் பென்சிலும் வைத்திருந்தார், நான் வரைந்துகொண்டிருந்தேன். "நீ இதைச் செய், அதைச் செய்" என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "அப்பா கோபப்படுவார் என்று நினைக்கிறாயா, வருத்தப்படுவார் என்று நினைக்கிறாயா?" என்று ஒரு முறை கேட்டார். அந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை. வருத்தம்தான் என்று எனக்குத் தெரியும். கோபத்தைச் சமாளித்துவிடலாம், அவர் வருத்தப்படுவதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அப்புறம் அப்பாவிடம் சொல்ல வேண்டியதை நாங்கள் ஒத்திகை பார்த்தோம். தெரபிஸ்ட் அப்பாவாக உட்கார்ந்துகொள்வார், நான் பேசுவேன். "உங்களால்தான்" என்று ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு, "எனக்கு" என்று ஆரம்பிக்கச் சொல்வார். கடைசியில் அப்பாவையும் ஒரு நாள் உள்ளே கூப்பிட்டார். நான் பேசினேன், தெரபிஸ்ட் பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, கட்டடக் கலை படிக்கக் கணக்கு வேண்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டும் என்றேன். கணக்கை விடவில்லை, பிசிக்கல் சயன்ஸையும் வைத்துக்கொண்டேன்.

தாத்தா, வீட்டில் பேசுவதற்கு எனக்கு வழி பிறந்ததே அந்த அறையில்தான். உங்களுக்கு ஆயா இருந்தார்கள். எனக்கு ஆயா சென்னையில், வீடியோ காலில் அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இருக்கும்போதுதான் பேச முடியும்.

---

சாட்ஸ்வொர்த் தாத்தா எழுதியது:

சரி அம்மா. புரிந்தது. அந்த அப்பாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

---

உம்லங்கா அப்பா எழுதியது:

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். மகனுக்குப் பதினாறு. அவனும் தெரபிக்குப் போகிறான், பதற்றத்துக்காக. இப்போது வீட்டில் எல்லாவற்றுக்கும் "எனக்கு இடம் கொடுங்கள்" என்கிறான். கேட்வே மாலில் நண்பர்களோடு இரவு வரை இருக்க வேண்டுமாம், ஊபரில் தனியாக வருவானாம்.

மதுரையில் அவன் வயதில் நான் சைக்கிளில் டியூஷன் போய் இரவு ஒன்பதுக்கு வருவேன். திருட்டு, வழிப்பறி பயத்தில் இங்கே அப்படி விட முடியுமா? பள்ளிக்கும் காரில் கொண்டுவிடுகிறோம், கூட்டி வருகிறோம். மின்வேலி போட்ட வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைக்கு எந்தச் சுதந்திரத்தைக் கொடுப்பது? தெரபிஸ்ட் அவன் பக்கமே பேசினால் வீட்டில் எங்கள் சொல் நிற்குமா? இது என்னை இரவில் தூங்கவிடாத கேள்வி, மனசார உதவி கேட்கிறேன்.

---

பீனிக்ஸ் கவுன்சிலர் எழுதியது:

அண்ணா, உங்கள் பயம் நியாயமானது. இந்த ஊரில் அந்த ஆபத்து கற்பனை இல்லை. எந்த தெரபிஸ்டும் அதை இல்லை என்று சொல்லக் கூடாது.

அமெரிக்க சைக்காலஜிஸ்ட் மார்ஷா லைனஹன் உருவாக்கிய டிபிடி என்ற தெரபி முறையைப் பதின்ம வயதினருக்காக மாற்றியபோது, பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைக்கும் பகுதி ஒன்றைச் சேர்த்தார்கள். நடுவழியில் நடப்பது என்று அதற்குப் பெயர். வீடுகள் மூன்று விதமாக இழுபடும் என்று அதில் சொல்லித்தருகிறார்கள். ஒன்று, அளவுக்கு மீறித் தளர்த்துவதும் அளவுக்கு மீறி இறுக்குவதும். இரண்டு, ஆபத்தான நடத்தையை "இந்த வயசில் இப்படித்தான்" என்று விட்டுவிடுவதும், இந்த வயதுக்கு இயல்பானதை நோய் மாதிரி பார்ப்பதும். மூன்றாவதுதான் உங்கள் வீட்டில் நடப்பது: பிள்ளை தயாராகும் முன்பே தனியே தள்ளிவிடுவது, இல்லையென்றால் எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்து நம்மிடமே பிடித்து வைத்துக்கொள்வது. பெரும்பாலான பெற்றோர் ஒரு வாரம் இந்தப் பக்கம், அடுத்த வாரம் அந்தப் பக்கம். சண்டை வந்தால் இறுக்குவோம், பிள்ளை அழுதால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவோம். பிள்ளையைக் குழப்புவது அந்த ஆட்டம்தான்.

மால் விஷயத்தை இப்படிப் பேசலாம். முதல் தடவை சனிக்கிழமை மதியம், படம் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு நீங்களே போய்க் கூட்டி வாருங்கள். யாரோடு போகிறான், எந்த வாசலில் நிற்பான், போனில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வான் என்பதை அவனே யோசித்துச் சொல்லட்டும், நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். சொன்னபடி நடந்தால் அடுத்த முறை ஏழு மணி. நடக்காவிட்டால் மறுபடி ஐந்து மணி, சொற்பொழிவு இல்லாமல். ஊபர் இப்போதைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஆனால் "எப்போது பேசலாம்" என்று ஒரு மாதத்தைச் சொல்லுங்கள். வேண்டாம் என்பதற்கு ஒரு முடிவுத் தேதி இருந்தால் பிள்ளை பொறுத்துக்கொள்கிறது.

பதற்றம் உள்ள பிள்ளைக்கு இது சிகிச்சையும்கூட. பயப்படுகிற இடங்களைத் தவிர்த்துக்கொண்டே போனால் பதற்றம் கூடும். படிப்படியாகப் போய்ப் பார்த்தால் குறையும். அவனே வெளியே போக ஆசைப்படுகிறான் என்பது எனக்கு நல்ல செய்தியாகத்தான் படுகிறது. நாள் ஓடிவிடும் அண்ணா. 17 வயதில் கார் ஓட்டப் பழகும் லேர்னர்ஸ் உரிமம் எடுக்கலாம், 18ல் சட்டப்படி பெரியவன். அதற்குள் சின்ன விஷயங்களில் தவறு செய்து திருத்திக்கொள்ள அவனுக்கு வாய்ப்பு வேண்டும்.

---

பைன்டவுன் டாக்டர் எழுதியது:

பொது மருத்துவர் என்ற முறையில் சில விஷயங்கள்.

இந்த நாட்டில் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத முடியாது. மருந்து தேவைப்பட்டால் சைக்கியாட்ரிஸ்ட் (மனநல மருத்துவர்) அல்லது டாக்டரிடம்தான் வர வேண்டும். மனச்சோர்வுக்குப் பதின்ம வயதினரிடம் அதிகம் ஆராயப்பட்ட மருந்து ஃபுளுவாக்ஸெட்டின். இந்த வகை மருந்துகள் இளவயதினர் சிலரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004ல் எச்சரிக்கை போட்டது. அதற்காக மருந்தைக் கண்டு ஓட வேண்டாம். தொடங்கிய முதல் சில வாரங்களும் அளவை மாற்றும் நேரமும் கூர்ந்து கவனியுங்கள், நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

காலையில் எழ மறுப்பதை எல்லாம் சோம்பல் என்று திட்டாதீர்கள். பருவ வயதில் உடம்பின் உறக்க நேரமே பின்னுக்குத் தள்ளிப் போகிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, விருப்பம் மூன்றும் கெட்டிருந்தால் காட்டுங்கள். மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலானவை யாரும் கவனிக்காமலே போகின்றன.

செலவு: மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தால், மனச்சோர்வு, பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குவது) போன்ற நோய்களுக்குச் சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சப் பலன் உண்டு. மருத்துவமனையில் மூன்று வாரம் வரை, அல்லது வெளிநோயாளியாக வருடத்தில் 15 தெரபி அமர்வுகள் வரை. மெடிக்கல் எய்ட் சேமிப்புக் கணக்கில் பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி மறுத்தால், இந்தப் பலனைக் குறிப்பிட்டு டாக்டரின் நோய்க் குறியீட்டோடு விண்ணப்பியுங்கள். மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் பக்கத்து அரசுக் கிளினிக்கில் தொடங்கிப் பரிந்துரை வாங்கலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனாலும் பெயரைப் பதிந்துவையுங்கள். யாரிடம் போனாலும் அவர் பெயர் எச்பிசிஎஸ்ஏ (தென்னாப்பிரிக்க மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் கவுன்சில்) பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளை "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்று சொன்னாலோ, பிடித்த பொருட்களை எடுத்துக் கொடுத்தாலோ அடுத்த அமர்வு வரை காத்திருக்காதீர்கள். நேராகக் கேளுங்கள், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் உள்ள மாத்திரை, பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள், தனியாக விடாதீர்கள், மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். சாடாக் என்ற மனநல அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. சைல்ட்லைன் என்ற குழந்தைகள் உதவி எண் 116, பிள்ளைகளே நேராக அழைக்கலாம்.

---

வெஸ்ட்வில் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணவரும் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். மாணவி எழுதியதை இரண்டாம் முறையும் படித்தார். கவுன்சிலர் தங்கை சொன்ன கேள்விகளை எழுதி வைத்திருக்கிறோம், சைக்காலஜிஸ்டிடம் எங்களுக்கென்று ஒரு நேரம் கேட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. முடித்துவிட்டு வெளியே வந்ததும் காரில் ஏறுகிறாள். வீடு வரை அமைதி. அந்த நேரத்தில் நான் என்ன பேச வேண்டும்?

---

ஹோவர்ட் காலேஜ் மாணவி எழுதியது:

ஆன்ட்டி, "என்ன பேசினே, அழுதியா, என்னைப் பத்தி ஏதாவது சொன்னியா" மூன்றும் வேண்டாம். எனக்கு அம்மா பேசாமல் ஒரு பாட்டைப் போட்டுவிடுவார்கள். பசிக்கிறதா என்று கேட்பார்கள். தெரபி முடிந்து வரும்போது ரொம்பக் களைப்பாக இருக்கும், தேர்வு எழுதி முடித்த மாதிரி. சில நாள் நானே பாதி வழியில் ஏதாவது சொல்வேன். அப்போது அம்மா ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். அதனால் அடுத்த முறையும் சொன்னேன்.

---

சாட்ஸ்வொர்த் தாத்தா எழுதியது:

கவுன்சிலர் அம்மா, எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு சனிக்கிழமை வந்து பெற்றோரிடம் இதையெல்லாம் பேச முடியுமா? கோயில் மண்டபத்துக்கு நான் பொறுப்பு. ஆயாமார், தாத்தாமார் பேரப்பிள்ளைகளை வளர்க்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

---

பீனிக்ஸ் கவுன்சிலர் எழுதியது:

கட்டாயம் வருகிறேன் தாத்தா. பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், கிரேடு 8க்கு மேல் உள்ளவர்கள் போதும். மெட்ரிக் (கிரேடு 12) பிள்ளைகளுக்குச் செப்டம்பரில் டிரையல் (முன்மாதிரி) தேர்வு வந்துவிடும், அதற்கு முன்பே வைத்தால் நல்லது.

---

சாட்ஸ்வொர்த் தாத்தா எழுதியது:

ஆடி மாதம் கஞ்சி ஊற்றுகிற வாரக் கடைசிகளில் மண்டபம் கிடைக்காது அம்மா. ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சொல்லுங்கள், தமிழ் வகுப்பு முடிந்த கையோடு வைத்துக்கொள்ளலாம். சாப்பாடு என் பொறுப்பு.